ஹகி கிண்ணங்களுக்கு வலிமை கூட்டுவது எப்படி? விளிம்புச் சில்லும் அடிவளைய விரிசலும்

ஈரமண் கேட்டது:

வணக்கம். ஜப்பானின் யமகுச்சி மாநிலத்தில் ஹகி முறையில் (ஹகி நகரின் மட்பாண்ட மரபு) வனையும் ஒரு பட்டறைக்காகக் கேட்கிறேன். ஓர் உணவகத்துக்கு 13 சென்டிமீட்டர் வாயகலச் சோற்றுக் கிண்ணங்களும் சிறு தட்டுகளும் போகின்றன. தேநீர்க் கிண்ணமாக இருந்தால் இரு கையால் எடுத்து, துடைத்து, பெட்டிக்குள் வைப்பார்கள். உணவகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள், இயந்திரத்தில் கழுவுகிறார்கள். இரண்டு விதமாகத்தான் பெரும்பாலும் போகிறது: விளிம்பில் நகக்கண் அளவு சில்லு பெயர்கிறது, அடிவளையத்தில் வெட்டிய பிளவிலிருந்து விரிசல் கிளம்பி உட்புறம் வரை ஏறுகிறது.

இப்போதைய நிலை இதுதான்.

மண்வகைகள், உலர் எடையில்: மணல் கலந்த தைதோ 70, சூடு தாங்கும் மிதாகே 20, இரும்புள்ள மிஷிமா 10. 20 மெஷ் சல்லடையில் சலித்தது. முதல் சூடு 750 டிகிரி. கிளேஸ் (மேலே பூசும் கண்ணாடிப் பூச்சு): ஃபெல்ட்ஸ்பார் (சூட்டில் உருகும் கனிமம்) 60, விறகுச் சாம்பல் 40. எரிவாயுச் சூளையில் காற்றைக் குறைத்து, லேசான ஒடுக்கச் சூழலில் 1220 டிகிரி, உச்சத்தில் நிறுத்தாமல் அணைக்கிறோம். சுவர் 4 மில்லிமீட்டர், விளிம்பு 3. நீர் உறிஞ்சல் 11 சதவீதம். தட்டினால் 'டொக்' என்கிறது, கணீர் ஓசை இல்லை.

விட்டுக்கொடுக்க முடியாதவை: இலந்தைப் பழத்துக்கு நெருங்கிய அந்த இளஞ்செம்மஞ்சள் நிறம், கையில் மெத்தென்ற உணர்வு, கிளேஸில் ஓடும் நுண்கீறல் வலை. அலுமினா (அலுமினியம் ஆக்சைடுப் பொடி) கலக்கலாமா? 1280 வரை ஏற்றலாமா? கஞ்சியில் வேகவைத்துத் துளை அடைப்பது வலிமை தருமா? எதை முதலில் செய்வது என்று தெரிந்தால் போதும்.

---

அடிவளையம் பதில்:

மண்ணையும் சூளையையும் தொடுவதற்கு முன், உடைந்து திரும்பிய துண்டுகளைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உடைந்த முகத்தில் கோடுகள் விசிறி போல விரிந்திருக்கும். அவை குவியும் இடம்தான் விரிசல் தொடங்கிய இடம். அங்கே பெரும்பாலும் மூன்றில் ஒன்று கண்ணில் படும்: வெளியே துருத்திய மணல்துகள், காற்றுக்குமிழி, அல்லது கூரான மூலை. உடைந்த முகத்தின் நடுப்பகுதி கறுத்திருந்தால் அது வேறு நோய், அதைச் சூளை தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

சுட்ட மண் நொறுங்குவது அதிலுள்ள மிகப் பெரிய பழுதிலிருந்துதான். பழுதின் நீளம் நான்கில் ஒன்றாகக் குறைந்தால் தாங்கும் தகைவு இரு மடங்காகும். 20 மெஷ் சல்லடை 0.8 மில்லிமீட்டர் மணலையும் உள்ளே விடுகிறது. 60 மெஷ்ஷில் 0.25தான். ஆனால் தைதோ மண்ணின் மணல் முழுவதையும் எடுத்துவிட்டால் அது ஹகி மண்ணே இல்லை, சுடும்போது சுருக்கமும் கோணலும் கூடும். 20 மெஷ்ஷிலிருந்து 40 மெஷ்ஷுக்கு வாருங்கள். கரட்டு மணல் வேண்டுமென்றால் அதைத் தேநீர்க் கிண்ணங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 11ஆம் தலைமுறை மிவா கியூசெத்சு வனைந்த 'ஒனி ஹகி' கிண்ணங்களில் பெருமணல் அப்படியே தெரியும். ஆனால் அவற்றின் சுவரும் அடியும் கனத்தவை, உங்கள் 3 மில்லிமீட்டர் விளிம்போடு ஒப்பிடவே கூடாது.

விளிம்பு: வளைவைத் தாங்கும் திறன் தடிமனின் இருபடிக்கு ஏற்பக் கூடும். 3 மில்லிமீட்டரை 4.5 ஆக்கினால் 2.25 மடங்கு. கிண்ணம் முழுவதையும் தடிப்பாக்க வேண்டாம். வாயோரத்தின் கடைசி 6, 7 மில்லிமீட்டரை மட்டும் உள்பக்கமாக மணி போலத் திரட்டுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் மெல்லியதாகவே தோன்றும், உதட்டுக்கும் இதம்.

இன்னொன்று, விளிம்பைக் கடற்பஞ்சால் முடிக்காதீர்கள். பஞ்சு நுண்மண்ணை வாரிக்கொண்டு போய் மணலைத் தலைநீட்ட விட்டுவிடும். ஒவ்வொரு மணலும் ஒரு சில்லுக்கு வித்து. ஈர மான்தோலை இரண்டாக மடித்து, சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது விளிம்பின் மேல் அமர்த்தி, மூன்று நான்கு சுற்று அழுத்தி எடுங்கள். மணல் உள்ளே அமுங்கி, மேலே நுண்மண் படியும். பாதி உலர்ந்த நிலையில் வழுவழுப்பான கூழாங்கல்லால் இன்னொரு முறை தேய்த்தால் இன்னும் நல்லது.

அடிவளையப் பிளவு: ஹகியின் அடையாளமே அதுதான், விடச் சொல்லவில்லை. கம்பியாலோ கத்தியாலோ வெட்டும்போது உள்மூலை 90 டிகிரிக் கூராக நிற்கிறது. எந்தச் சுமை வந்தாலும் தகைவு அந்த மூலையில் குவியும். முதலில் 4 மில்லிமீட்டர் துளைக்குழாயால் பிளவின் உச்சியில் ஒரு வட்டத் துளை போடுங்கள். பிறகு அதன் இரு பக்கத்திலிருந்தும் கீழ்நோக்கி வெட்டுங்கள். பிளவின் தலை வளைவாக முடியும். வெட்டியதும் ஈரத் தூரிகையால் ஒருமுறை தடவி, நுண்பிசிறுகளை அழுத்திவிடுங்கள். பிளவின் உச்சிக்கும் கிண்ணத்தின் அடித்தளத்துக்கும் இடையே குறைந்தது 3 மில்லிமீட்டர் மண் மிஞ்ச வேண்டும். பலர் பிளவை அடித்தளம் தொடும்வரை ஏற்றிவிடுகிறார்கள். விரிசல் உட்புறம் ஏறுகிறது என்றால் உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும்.

அடித்தளத்தை வனையும்போது மரத்தகட்டால் நடுவிலிருந்து வெளியே, வெளியிலிருந்து நடுவுக்கு என அழுத்திவிடுகிறீர்களா? அந்த அழுத்தம் இல்லாவிட்டால் எஸ் வடிவ விரிசல் கண்ணுக்குத் தெரியாத அளவில் உள்ளேயே இருக்கும். கிளேஸ் அதை மூடிவிடும், கழுவும் இயந்திரத்தின் சூடு பிறகு அதைத் திறந்துவிடும்.

---

சூளைவாசல் பதில்:

மேலே சொன்னதெல்லாம் சரி. செலவில்லாத வேலை, அதை முதல்ல பண்ணுங்க. நான் அளக்கறதையும் சூட்டையும் பத்தி மட்டும் சொல்றேன். அளக்காம எதை மாத்தினாலும் அது வெறும் நம்பிக்கைதான்.

வளைவுச் சோதனைக்கு அதே மண்ணுல பட்டைகள் பண்ணுங்க. சுட்டபிறகு 120 மில்லிமீட்டர் நீளம், 20 அகலம், 8 தடிமன் வரணும். ஒவ்வொரு கலவைக்கும் குறைஞ்சது 10 பட்டை. 100 மில்லிமீட்டர் இடைவெளியில ரெண்டு இரும்புக் கம்பி மேல பட்டையை வைங்க. நடுவுல கம்பிக் கொக்கி மாட்டி ஒரு வாளி தொங்கவிடுங்க. வாளிக்குள்ள மணலைச் சீரா, மெதுவாக் கொட்டுங்க. உடைஞ்சதும் வாளியோட சேர்த்து எடை போடுங்க. கிலோவை 9.81ஆல பெருக்கினா நியூட்டன்.

வளைவு வலிமை = (3 × சுமை × இடைவெளி) ÷ (2 × அகலம் × தடிமன் × தடிமன்)

உதாரணத்துக்கு 17.4 கிலோவுல உடைஞ்சா சுமை சுமார் 171 நியூட்டன், வலிமை 20 மெகாபாஸ்கல். சராசரியை மட்டும் பார்க்காதீங்க. பத்துல மிகக் குறைஞ்ச ரெண்டு எண்ணைப் பாருங்க, உணவகத்துல உடையப்போறது அந்த ரெண்டுதான். ஆய்வகங்கள்ல ஜப்பானியத் தரமுறை ஜே.ஐ.எஸ். ஆர் 1601 படி 3 × 4 மில்லிமீட்டர் குறுக்களவுப் பட்டையில பண்ணுவாங்க. அது நுண்துகள் பீங்கானுக்கு ஏத்தது. மணல் கலந்த ஹகி மண்ணுக்கு அவ்வளவு சின்னப் பட்டை பொருந்தாது, ஒரு மணல்துகளே தடிமன்ல கால்வாசியை அடைச்சுக்கும்.

விளிம்புக்குத் தனிச் சோதனை வேணும். 50 கிராம் எஃகுக் குண்டை அரை மீட்டர் நூல்ல கட்டுங்க. கிண்ணத்தை மணல்மூட்டையில சாய்ச்சு அசையாம வைங்க. குண்டு கீழ்மட்டத்துக்கு வரும்போது விளிம்பைத் தொடற மாதிரி அமைச்சு, 4 சென்டிமீட்டர் உயரத்துல ஆரம்பிச்சு, ஒவ்வொரு தடவையும் 2 சென்டிமீட்டர் ஏத்துங்க. 10 சென்டிமீட்டர் உயரம்னா சுமார் 0.05 ஜூல். எந்த உயரத்துல சில்லு பெயருதுன்னு குறிச்சுக்கோங்க. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டுப் பண்ணுங்க.

நீர் உறிஞ்சல்: 110 டிகிரியில நல்லாக் காயவெச்சு எடை, அப்புறம் 5 மணி நேரம் கொதிக்கவெச்சு, அதே தண்ணியில 24 மணி நேரம் ஊறவிட்டு, ஈரத்துணியால ஒத்தி எடுத்து எடை. சும்மா குளிர்ந்த தண்ணியில ஊறவெச்ச எண்ணையும் கொதிக்கவெச்ச எண்ணையும் ஒப்பிடாதீங்க. உங்க 11 சதவீதம் எந்த முறையில வந்ததுன்னு தெரியணும்.

இப்போ சூடு. 1280 வேண்டாம். தைதோவும் மிதாகேயும் சூடு தாங்குற மண், அந்தச் சூட்டுலயும் முழுசா இறுகாது. ஆனா மிஷிமாவுல இருக்கிற இரும்பு ஒடுக்கச் சூழல்ல இளக்கியா (மண் உருக உதவுற பொருளா) வேலை செய்யும், அதனால நிறம் முதல்ல போகும், செம்மஞ்சள் மங்கி சாம்பல்பழுப்பாகும். இன்னொரு ஆபத்து, இளக்கி குறைவான மண்ணை உச்சிச் சூட்டுல ரொம்ப நேரம் நிறுத்தினா நுண்சிலிக்கா கிறிஸ்டோபலைட்ங்கற வேற படிகமா மாறும். அது குளிரும்போது 220, 230 டிகிரி வாக்குல சட்டுனு சுருங்கும். கிண்ணம் சூளையிலயே கீறிடும், இல்லைன்னா கொதிநீர் ஊத்துற நாள்ல கீறும்.

சூட்டைக் கூட்டறதுக்குப் பதில் மண்ணுல நுண்ணிய ஃபெல்ட்ஸ்பார் 5லேர்ந்து 8 பங்கு சேருங்க, 200 மெஷ்ஷுக்குக் கீழ அரைச்சது. 1230 டிகிரி, உச்சத்துல 45 நிமிஷம் நிறுத்தம். உருகின ஃபெல்ட்ஸ்பார் துளைகளை நிரப்பும், நுண்குவார்ட்ஸைக் கரைச்சு கிறிஸ்டோபலைட் வராமத் தடுக்கும். நீர் உறிஞ்சல் 5, 6 சதவீதத்துக்கு இறங்கினா போதும். 2க்குக் கொண்டுபோனா கையில மெத்துனு இருக்காது, குளிர்ந்த கல் மாதிரி இருக்கும்.

முதல் சூட்டுல 750ஐத் தொட்டதும் அணைக்காதீங்க. காத்து நல்லாப் போகவிட்டு ஒரு மணி நேரம் நிறுத்துங்க. மண்ணுக்குள்ள இருக்கிற கரிமம் எரிஞ்சு வெளியேறணும். இல்லாம ஒடுக்கச் சூழலுக்குப் போனா நடுப்பகுதி கறுப்பாயிடும், அங்க இரும்பு அதிகமா இளகி உப்பும். உடைஞ்ச முகத்துல கறுப்புப் பட்டை தெரிஞ்சா காரணம் இதுதான். ஒடுக்கத்தை 950க்கு மேல ஆரம்பிங்க.

குளிர்விக்கும்போது 600லேர்ந்து 500 வரைக்கும் மணிக்கு 60 டிகிரிக்கு மேல இறங்கக்கூடாது, ஏன்னா 573ல குவார்ட்ஸ் சுருங்குது. 280லேர்ந்து 180 வரைக்கும் மணிக்கு 50. கதவை 100க்குக் கீழ வந்த பிறகுதான் திறக்கணும்.

---

சாம்பல்நீர் பதில்:

யாரும் இன்னும் தொடாத இடத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் வலிமையில் பெரும்பகுதி அங்கேதான் கரைகிறது. நுண்கீறல் வலை வேண்டும், வலிமையும் வேண்டும் என்கிறீர்கள். ஒரே பரப்பில் இரண்டும் முழுதாகக் கிடைக்காது.

கிளேஸில் கீறல் ஏன் வருகிறது? குளிரும்போது கிளேஸ் மண்ணைவிட அதிகம் சுருங்குகிறது. மண் விடுவதில்லை. கிளேஸ் இழுவிசையில் மாட்டிக்கொண்டு கிழிகிறது. அப்படிக் கிழிந்த ஒவ்வொரு கீறலும் மண்ணுக்குள் இறங்கத் தயாராக நிற்கும் விரிசல்முனை. மாறாக, கிளேஸ் மண்ணைவிடச் சற்றுக் குறைவாகச் சுருங்கினால் அது அமுக்கத்தில் இருக்கும், விரிசல் திறப்பதற்கு முன் அந்த அமுக்கத்தைத் தோற்கடிக்க வேண்டும். ஒரே மண், ஒரே சூடு, கிளேஸ் பொருத்தம் மட்டும் வேறு என்றாலே வலிமை கணிசமாக மாறும். கீறிய கிளேஸ் பூசிய பட்டை, கிளேஸே இல்லாத பட்டையைவிடச் சீக்கிரம் உடைவதை மேலே சொன்ன வாளிச் சோதனையிலேயே பார்க்கலாம்.

ஜப்பானின் இன்னொரு மரபான பிஸென் பாண்டத்தை நினைத்துப் பாருங்கள். 'பிஸென் அரைகலம், எறிந்தாலும் உடையாது' என்று ஜப்பானில் சொல்வழக்கே உண்டு. கிளேஸ் கிடையாது, இரும்பு மிகுந்த வயல்மண் ஒரு வாரத்துக்கு மேலும் மெதுவாகச் சுடப்பட்டு இறுகுகிறது. இழுவிசையில் நிற்கும் மேற்பூச்சு எதுவும் அதில் இல்லை. ஹகியில் நிலைமை தலைகீழ். தேநீர் கீறல் வழியே இறங்கி ஆண்டுக்கணக்கில் நிறம் மாறுவதைத்தான் 'ஹகியின் ஏழு மாற்றம்' என்று கொண்டாடுகிறார்கள். அந்த அழகும் பலவீனமும் பிறப்பது ஒரே இடத்தில்.

ஆகவே பரப்பைப் பிரித்துவிடுங்கள். உட்புறமும் விளிம்பும் கீறாத கிளேஸ், வெளிப்புறம் கீறும் கிளேஸ். இது வெறும் சமரசம் இல்லை. விளிம்பில் வெளியிலிருந்து அடி விழும்போது சுவர் உள்நோக்கி வளைகிறது, அடி விழுந்த இடத்துக்கு நேர் பின்னால் உட்பரப்புதான் இழுபடுகிறது. அமுக்கம் வேண்டிய இடம் உட்புறமே. சோறும் குழம்பும் படும் பக்கத்தில் கீறல் இல்லாதது கழுவவும் நல்லது. கண்ணுக்கும் கைக்கும் வெளிப்புற வலை அப்படியே இருக்கும்.

கீறாத கிளேஸுக்கு வெளியிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டாம், ஹகியிலேயே வழி இருக்கிறது. வெள்ளை ஹகியின் கிளேஸில் வைக்கோல் சாம்பல் சேர்ப்பார்கள், அது பெரும்பாலும் சிலிக்கா. சிலிக்கா கூடினால் கிளேஸின் சுருக்கம் குறையும். உங்கள் 60:40 கலவை 100 பங்குக்கு வைக்கோல் சாம்பல் 5, 10, 15, 20, 25 என ஐந்து கிண்ணம் கலக்குங்கள். 15ஐத் தாண்டினால் பால்வெள்ளை தலைகாட்டும். நிறம் தெளிவாகவே வேண்டுமென்றால் சாம்பலைப் 10ல் நிறுத்தி, நுண்குவார்ட்ஸ் 6, டால்க் (மாக்கல் பொடி) 3 சேருங்கள். டால்க்கின் மக்னீசியம் சுருக்கத்தை இன்னும் குறைக்கும். ஆனால் 5க்கு மேல் போனால் பளபளப்பு மங்கும்.

சாம்பலைக் கழுவாமல் போடக்கூடாது. பெரிய தொட்டியில் சாம்பலுக்குப் பத்து மடங்கு நீர் விட்டுக் கலக்கி, படியவிட்டு, மேல்நீரைக் கொட்டுங்கள். விரலிடையில் தேய்த்தால் வழுக்கல் போகும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அது காரநீர், கையுறை கட்டாயம். கழுவாத சாம்பலில் கரையும் பொட்டாசியம் தங்கியிருக்கும். கிளேஸில் முக்கி எடுத்த கிண்ணம் உலரும்போது அந்த உப்பு நீரோடு விளிம்புக்கு ஏறி அங்கேயே படியும். சுட்டபிறகு கிண்ணத்தின் நடுவில் கீறல் இல்லாமல் விளிம்பில் மட்டும் நெருக்கமான கீறல் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சோதனை: சுட்ட கிண்ணத்தை 3 நிமிடம் கொதிநீரில், உடனே பனிக்கட்டி நீரில் 3 நிமிடம். மூன்று சுற்று போனபின் மைதடவித் துடைத்தால் கீறல் தெரியும். இன்று கீறவில்லை என்பதை நம்பி அனுப்பிவிடாதீர்கள். நீர் உறிஞ்சும் மண் காற்றின் ஈரத்தை வாங்கி மாதக்கணக்கில் மெல்ல உப்பும், அப்போது கிளேஸின் அமுக்கம் தளர்ந்து தாமதக் கீறல் வரும். அதனால் கொஞ்சம் கூடுதல் இடைவெளியோடு கிளேஸை அமையுங்கள். அதிகமாகப் போனால் எதிர்க்கேடு: விளிம்பிலும் கைப்பிடியிலும் கிளேஸ் செதிலாக உரியும். அது கண்ணாடித்துண்டு, சோற்றில் விழுந்தால் தொண்டைக்குப் போகும். செதில் ஒன்று கண்டாலும் அந்தக் கலவையை முழுதாக நிறுத்துங்கள்.

உட்புறக் கிளேஸை மெல்லியதாகப் பூசுங்கள், 0.3 மில்லிமீட்டர் அளவில். ஒருபக்கம் மட்டும் தடித்த அமுக்கம் இருந்தால் மெல்லிய சுவர் அதைத் தாங்காமல் வெளியிலிருந்து பிளக்கும்.

---

ஈரமண் எழுதியது:

நன்றி. நீர் உறிஞ்சல் எண் கொதிக்கவைக்காமல் ஒருநாள் ஊறவைத்து எடுத்தது. ஆகவே உண்மையில் 11க்கு மேலேயே இருக்கும். உடைந்த முகத்தில் கறுப்பு இல்லை. பிளவுகள் அடித்தளத்தைத் தொட்டுத்தான் நிற்கின்றன. அலுமினா பற்றி யாராவது சொல்ல முடியுமா? பள்ளி உணவுக்கான வலுவூட்டிய பீங்கானில் அதைத்தான் கலக்கிறார்கள் என்கிறார்கள்.

---

பொறிமண் பதில்:

ஆமாம் தோழரே, ஜப்பானியப் பள்ளிகளில் மதிய உணவுக்கு வரும் வலுவூட்டிய பீங்கானில் குவார்ட்ஸுக்குப் பதில் அலுமினாவைப் போடுகிறார்கள். காரணம் எளியது. குவார்ட்ஸ் துகள் குளிரும்போது தன்னைச் சுற்றியுள்ள கண்ணாடிப் பொருளைவிட மிக அதிகம் சுருங்கும், 573ல் ஒரே குதியாக. துகளைச் சுற்றி வளையமாக நுண்விரிசல் விழும். அலுமினாவுக்கு அந்தக் குதி இல்லை. கண்ணாடிப் பொருளைவிடப் பல மடங்கு விறைப்பானது, ஓடிவரும் விரிசலை வளைந்து போகவும் வைக்கும்.

ஆனால் அந்தப் பீங்கான் 1300 டிகிரி வாக்கில் நீர் உறிஞ்சாத அளவுக்கு இறுகியது. அலுமினாவின் பலன் முழுதாகக் கிடைப்பது அப்படிப்பட்ட இறுகிய மண்ணில்தான். 11 சதவீதத்துக்கு மேல் நீர் உறிஞ்சும் ஹகி மண்ணில் வலிமையைத் தீர்மானிப்பது துளைகள், அலுமினா இல்லை. ஆகவே ஃபெல்ட்ஸ்பாரும் உச்ச நிறுத்தமும் முதலில், உறிஞ்சல் 6க்கு வந்தபிறகு அலுமினா. வரிசையை மாற்றினால் விலை உயர்ந்த பொடியை வீணாக்குவீர்கள்.

சேர்க்கும்போது: சுட்டெடுத்த அலுமினா, 325 மெஷ் அல்லது அதைவிட நுண்ணியது. நீரேறிய அலுமினா வேண்டாம், அது சூட்டில் நீரை இழந்து இன்னும் துளை உண்டாக்கும். 10 பங்கில் தொடங்குங்கள், 15ஐத் தாண்ட வேண்டாம். அந்த அளவுக்கு மிதாகேயைக் குறைத்துவிடுங்கள், இரண்டுமே சூடுதாங்கி என்பதால் சூளைக் கணக்கு பெரிதாகக் குலையாது. தொடக்கக் கலவை: தைதோ 67, அலுமினா 10, மிஷிமா 10, ஃபெல்ட்ஸ்பார் 6, மிதாகே 5, பென்டோனைட் (மண்ணுக்கு இழுபடும் தன்மை தரும் நுண்களிமண்) 2.

பென்டோனைட்டை உலர்ந்த நிலையில் மற்ற பொடிகளோடு கலந்தபின்தான் நீரில் போட வேண்டும். நேராக நீரில் தூவினால் கட்டிகட்டியாகத் திரளும். தைதோவையும் மிஷிமாவையும் கூழாக ஊறவைத்து 40 மெஷ்ஷில் சலித்துத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அலுமினா, ஃபெல்ட்ஸ்பார், மிதாகே, பென்டோனைட் கலவையைத் தனியே கரைத்து, 100 மெஷ்ஷில் சலித்து, அந்தக் கூழில் ஊற்றுங்கள். கூழ் நீர்த்துப் போயிருந்தால் அலுமினா கனமானதால் அடியில் இறங்கிவிடும். தயிர் பதத்தில் கலக்கி, உடனே நீர் உறிஞ்சும் பிளாஸ்டர் பலகையில் ஊற்றி நீரை எடுங்கள். பிறகு ஒரு மாதமாவது மூடிவைத்துப் புளிக்கவிட வேண்டும், இல்லையென்றால் சக்கரத்தில் இழுக்கும்போதே விளிம்பு கிழியும்.

மூன்று விளைவுகளுக்குத் தயாராக இருங்கள். ஒன்று, நிறம் வெளுக்கும். மிஷிமாவை 12 ஆக்கினால் ஓரளவு திரும்பும், இரும்பு கூடுவதால் சுருக்கமும் சற்றுக் கூடும். இரண்டு, முக்கியமானது: குவார்ட்ஸின் பங்கு குறைந்து அலுமினா ஏறுவதால் மண்ணின் சுருக்கம் குறையும். நேற்றுவரை கீறாமல் இருந்த கிளேஸ் இன்று கீறும். அதனால்தான் சாம்பல்நீர் சொன்ன ஐந்து கிண்ணச் சோதனையை மண் முடிவான பிறகு செய்யுங்கள். முதலில் செய்தால் இரண்டாம் முறையும் செய்யவேண்டி வரும். மூன்று, அடிவளையம் அரம் போலாகும். கிண்ணங்களை அடுக்கினால் மேல்கிண்ணத்தின் அடி கீழ்க்கிண்ணத்தின் கிளேஸை உரசும், அந்த உரசல்கோடே அடுத்த விரிசலின் வாய். சுட்டபின் ஒவ்வோர் அடியையும் 400 எண் வைரத் தேய்ப்பானால் நீர்விட்டுத் தேய்த்து, விரல் வழுக்கும் வரை மழமழப்பாக்குங்கள். அலுமினா கலக்காத கிண்ணத்துக்கும் இது தேவைதான்.

ஜப்பானின் யொக்காய்ச்சி நகரப் பான்கோ மண்சட்டிகளில் பெட்டலைட் என்ற லித்தியம் கனிமத்தைக் கலப்பதைப் பற்றி அடுத்து யாராவது சொல்லக்கூடும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: அது வேறு கணக்கு. பெட்டலைட் மண்ணின் விரிவை மிகக் குறைத்து நேரடி நெருப்பைத் தாங்கவைக்கும். அடிதாங்கும் வலிமைக்காகப் போடுவதில்லை. உங்கள் கிளேஸ்கள் எதுவும் அந்த மண்ணுக்குப் பொருந்தாது, கீறிவிடும்.

பொட்டாசியம் நைட்ரேட்டை உருக்கி அதில் கிண்ணத்தை முக்கி, கிளேஸின் சோடியத்தை மாற்றும் முறை பற்றியும் படித்திருப்பீர்கள். துளையுள்ள மண் அந்த உப்பை உறிஞ்சிக்கொள்ளும், வெளியே எடுக்கவே முடியாது. சாப்பிடும் கலத்துக்கு அதை நினைக்கவே வேண்டாம்.

---

அடிவளையம் பதில்:

கஞ்சியில் வேகவைக்கும் கேள்வி அப்படியே நிற்கிறது. அது மண்ணின் வலிமையைக் கூட்டாது. ஆனால் துளைக்குள் நீர் போவதைக் குறைக்கும், இயந்திரக் கழுவலிலும் மைக்ரோவேவிலும் ஹகி உடைவதற்கு அந்த நீரும் ஒரு காரணம். உள்ளே தங்கிய நீர் வேகமாகச் சூடேறி ஆவியாக வழி தேடும்போது மண்ணைத் தள்ளுகிறது.

செய்முறை: கிண்ணங்களைப் பெரிய பாத்திரத்தில் ஒன்றையொன்று தொடாமல், அடியில் துணி விரித்து வைத்து, குளிர்ந்த அரிசி களைந்த நீரை மூழ்கும் அளவு ஊற்றுங்கள். முதல் களைநீரே சிறந்தது, மாவுச்சத்து அதில்தான் அதிகம். சிறு தீயில் ஏற்றி, கொதி தொடங்கியபின் 20 நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு அணைத்துவிடுங்கள். அதே நீரில் முழுதும் ஆற வேண்டும். சூடாக இருக்கும்போது எடுத்தால் துளைக்குள் மாவு இழுபடாது, ஆறும்போதுதான் நீர் உள்ளே ஏறும். பிறகு கழுவி, கவிழ்க்காமல் நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். அரைகுறையாகக் காய்ந்தால் துளைக்குள் மாவு புளித்துப் பூஞ்சை பிடிக்கும், வாடை போகாது.

இயந்திரக் கழுவலின் காரநீர் அந்த மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். உணவகத்தில் கையால் கழுவவில்லை என்றால் இதை நம்பி இருக்காதீர்கள், உட்புறக் கிளேஸ்தான் காப்பு. கிண்ணங்களை அடுக்கும்போது இடையில் மெல்லிய துணி போடச் சொல்லுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம் என்று அடியில் ஒட்டி அனுப்புங்கள்.

---

சூளைவாசல் பதில்:

பொறிமண் அலுமினாவை 15 வரைக்கும் போகலாம்னு சொல்றார், எனக்கு அதுல ஒப்புதல் இல்லை. 1230 டிகிரியில இளக்கி 6 பங்குதான்னா 10க்கு மேல போற அலுமினா கண்ணாடிப் பொருள்ல பிடிபடாம வெறும் பொடியா உட்கார்ந்திருக்கும். உறிஞ்சல் மறுபடி ஏறும், வாளிச் சோதனையில எண் இறங்கும். 8, 10, 12ன்னு மூணு கலவை, ஒவ்வொண்ணுலயும் பத்துப் பட்டை போட்டுப் பாருங்க. பட்டைகளைச் சூளையில ஒரே தட்டுல வைங்க, மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் 15, 20 டிகிரி வித்தியாசம் சாதாரணமா வரும். ஒவ்வொரு தட்டுலயும் ஒரு சூட்டுக் கூம்பு (வாங்கின சூட்டுக்கு ஏத்த மாதிரி வளையற சின்னக் கூம்பு) நிக்கணும். மின்னணு அளவி காட்டற எண்ணை மட்டும் நம்பினா மண் உண்மையில வாங்கின சூடு தெரியாது.

---

பொறிமண் பதில்:

நியாயம். ஃபெல்ட்ஸ்பாரை 8 ஆக்கினால் 12 வரை தாங்கும் என்பது என் கணிப்பு. அவர் சொன்ன மூன்று கலவையோடு 'ஃபெல்ட்ஸ்பார் 8, அலுமினா 12' என நான்காவதையும் வையுங்கள். நான்கிலும் உறிஞ்சல் எண்ணையும் வலிமை எண்ணையும் இங்கே பதிந்தால் கிளேஸ் பொருத்தத்தை அதற்கேற்பக் கணக்கிட்டுச் சொல்லலாம்.